வீட்டுத் தோட்டத்துக்குத் தேனீ வர என்ன செய்ய வேண்டும்?

பூசணிக்கொடி நிறையப் பூக்கிறது, பிஞ்சும் வைக்கிறது, ஆனால் நெல்லிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. வெள்ளரிக்காய் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பி வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக வீட்டுத் தோட்டம் போட்டவர்கள் அதிகம் சொல்லும் குறை இதுதான். மருந்துக் கடையில் கேட்டால் ஏதாவது டானிக் எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் குறை சத்தில் இல்லை. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டு சேர்க்கத் தேனீ வரவில்லை, அவ்வளவுதான்.

இது தெரிந்தவுடன் பலர் நேராகப் போய் ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பெட்டி காலியாகிவிடுகிறது. சுற்றிலும் பூ இல்லாத இடத்தில் நம் நாட்டுத் தேனீ தங்காது, குடும்பத்தோடு கிளம்பிவிடும். அதனால் பெட்டியைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். விஷம் இல்லாத இடம், வருஷம் முழுக்கப் பூ, பக்கத்தில் தண்ணீர். இந்த மூன்றும் இருந்தால் பெட்டியே இல்லாமலும் தேனீ வரும். மூன்றிலும் கஷ்டமானது வருஷம் முழுக்கப் பூ வைப்பதுதான். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் தோட்டத்தில் சற்று நேரம் உட்காருங்கள். கதிர் விட்ட துளசிச் செடி இருந்தால் அதன் பக்கத்தில் உட்காருவது நல்லது. நம் பகுதியில் நான்கு வகைத் தேனீ இயல்பாகவே உண்டு.

அடுக்குத் தேனீ நடுத்தர அளவு. வயிற்றில் பழுப்பும் கருப்புமாகப் பட்டை இருக்கும். மரப்பொந்து, பாழுங்கிணற்றுச் சுவர், கரையான் புற்று என்று இருட்டான இடத்தில் பல அடைகளை வரிசையாகக் கட்டும். பெட்டியில் வளர்க்கிற நம் நாட்டுத் தேனீ இதுதான். மலைத்தேனீ பெரியது; பாறையிலும் உயரமான மரக்கிளையிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒரே ஒரு பெரிய அடையை வெளியிலேயே தொங்கவிடும். ஒகேனக்கல், அஞ்செட்டிப் பக்கத்துப் பாறைகளில் பார்த்திருப்பீர்கள். கொம்புத் தேனீ சிறியது. எலுமிச்சைப் புதரிலோ வேலியிலோ ஒரு குச்சியைச் சுற்றி உள்ளங்கை அகல அடை கட்டும். கொசுத் தேனீ இன்னும் சிறியது, கருப்பாக இருக்கும், கொட்டாது. சுவர் ஓட்டையின் வாயில் பிசினும் மெழுகும் கலந்து ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே அதுதான் குடியிருக்கிறது. தயவுசெய்து அந்த ஓட்டையை சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

இவை தவிர உடலில் நீலப் பட்டை போட்ட தனித்தேனீ ஒன்று உண்டு. தக்காளிப் பூவையும் கத்தரிப் பூவையும் கட்டிப்பிடித்து, ரீங்காரத்தோடு அதிர்த்து மகரந்தத்தை உதிர வைக்கும். கூட்டமாக வாழும் தேனீக்களுக்கு இந்த வேலை தெரியாது. இந்த நீலப் பட்டைத் தேனீ மண்ணில் துளை போட்டு முட்டை வைக்கிறது. அதனால் தோட்டம் முழுக்கத் தரைக்கு ஓடு பதிக்காமல், சருகும் வைக்கோலும் பரப்பி மூடாக்குப் போடாமல், வெயில் படும் ஒரு மூலையில் கொஞ்சம் வெறும் மண்ணை அப்படியே விட்டுவையுங்கள்.

விஷத்தை நிறுத்துங்கள்

பூ வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. தேனீயை அழைத்து வந்து விஷம் வைப்பதைவிட அழைக்காமலே இருப்பது மேல்.

இமிடாகுளோப்ரிட், தயமீத்தாக்சம் போன்ற மருந்துகள் இலையில் தெளித்தாலும் வேரில் ஊற்றினாலும் செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடும். பூவில் நேராகத் தெளிக்கவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துப் பாருங்கள், பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, பொழுது சாய்ந்து தேனீ அடங்கியபின், பூவில் படாமல் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். வேப்பெண்ணெய்தானே என்று காலையில் பூமேல் அடிக்கக் கூடாது.

நர்சரியில் பூத்த நிலையில் வாங்கும் செடியில் ஏற்கெனவே மருந்து ஏறியிருக்கலாம். முதல் பூக்களைக் கிள்ளிவிட்டு அடுத்த பூவிலிருந்து விடுங்கள். முடிந்தால் விதையிலிருந்தே வளர்ப்பது நல்லது.

அடுத்தது பக்கத்துத் தோட்டம். காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கம் மாந்தோப்பு. ராயக்கோட்டை, பாலக்கோட்டில் தக்காளி. ஓசூரைச் சுற்றி ரோஜா. எல்லாமே மருந்து அதிகம் பார்க்கிற பயிர்கள். நம் வீட்டுக்கு வரும் அடுக்குத் தேனீ சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றி மேயும். நம் வேலியோடு அது நின்றுவிடாது. அதனால் போய்ப் பேசத்தான் வேண்டும். சண்டையாக இல்லாமல், அவருக்கும் லாபம் என்கிற மாதிரிப் பேசினால் கேட்பார்கள்.

“அண்ணா, மாவுக்கு மருந்து எப்ப அடிக்கப் போறீங்க?”

“தத்துப்பூச்சி வந்துடுச்சுப்பா. பூ வந்ததும் அடிச்சுடலாம்னு இருக்கேன்.”

“பூ விரியறதுக்கு முன்னாடி, மொட்டுலயே அடிச்சுடுங்கண்ணா. விரிஞ்ச பூவுல அடிச்சா ஈயும் தேனீயும் செத்து உங்களுக்குத்தான் காய் பிடிக்காது. அப்படியே அடிக்கணும்னா சாயங்காலம் அடிங்க, எனக்கு முந்தின நாளே ஒரு போன் பண்ணிடுங்க.”

போன் வந்தால், வீட்டில் பெட்டி வைத்திருப்பவர்கள் தேனீ அடங்கிய பிறகு ராத்திரியே நுழைவாயிலைக் காற்றுப் போகும்படி வலையால் மூடலாம். மறுநாள் பெட்டி நிழலில் இருக்க வேண்டும், உள்ளே தண்ணீரும் வேண்டும். ஒரு நாளுக்கு மேல் மூடி வைக்காதீர்கள்.

பூ: எது உதவும், எது உதவாது

நம் வீடுகளில் ஆசையாக வைக்கும் பூக்களில் பாதி தேனீக்கு ஆகாது. மல்லியும் முல்லையும் மாலையில் மலர்ந்து அந்துப்பூச்சியை அழைக்கிற பூக்கள். அடுக்கு ரோஜாவிலும் அடுக்குச் செம்பருத்தியிலும் இதழ் அடர்ந்து உள்ளே மகரந்தமும் தேனும் குறைவாக இருக்கும். இருப்பதையும் எட்ட முடியாது. தலைக்கு வைக்கவும் சாமிக்குப் போடவும் அவை இருக்கட்டும், தேனீக்கென்று வேறு வேண்டும். தேனீக்குச் சிவப்பு ஒரு நிறமாகவே தெரியாது. மஞ்சள், நீலம், ஊதா, வெள்ளைப் பூக்கள் பக்கம் சாயுங்கள். இதழ் ஒற்றையாக, நடுப்பகுதி திறந்திருக்கும் பூவாகப் பார்த்து வையுங்கள்.

காய்கறிக் கொடிகளிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பூசணி விடியும் முன்பே மலர்ந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். வெள்ளரியும் பாகலும் காலைப் பூ. பீர்க்கும் சுரையும் புடலும் பொழுது சாயும் நேரத்தில் மலர்பவை. காலையில் வரும் தேனீயை நம்பி வைப்பதென்றால் பூசணி, வெள்ளரி, பாகலை முன்னால் வையுங்கள். விடிந்ததும் ஒரு பூசணி ஆண் பூவுக்குள் எட்டிப் பாருங்கள். தேனீ தலைகீழாக அடிவரைக்கும் இறங்கியிருக்கும். வெளியே வரும்போது முதுகெல்லாம் மஞ்சள் மாவு அப்பியிருக்கும். இதழ் விளிம்பில் ஏறி நின்று முன்கால்களால் முகத்தை வழித்துத் துடைத்துவிட்டு அடுத்த பூவுக்குப் போகும். துடைத்ததுபோக உடம்பில் ஒட்டியிருக்கும் மிச்சம்தான் பெண் பூவுக்குப் போய்ச் சேர்கிறது, அதுதான் காய்.

இன்னொரு முக்கியமான விஷயம், கும்பலாக நடுவது. ஒரு தடவை கிளம்பும் தேனீ பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடிப் போகும். பத்து வகையில் ஒவ்வொரு செடி வைப்பதைவிட மூன்று வகையில் பத்துப் பத்துச் செடி வைப்பது பலன் தரும். மூன்றடிக்கு மூன்றடி ஒரே செடி இருந்தால் பறந்துபோகும் தேனீயின் கண்ணில் படும். மாடித் தோட்டமானால் ஒரே வகைத் தொட்டிகளைச் சேர்த்து வையுங்கள்.

மாதக் கணக்கு

இங்கேதான் நம் மாவட்டங்களுக்கே உரிய கணக்கு வருகிறது. மழை குறைவான, மானாவாரி பூமி. பூ வரும்போது கொட்டிக் கொடுக்கும், போகும்போது ஒன்றுமே இல்லாமல் போகும்.

மார்கழியிலிருந்து மாசி வரை மாம்பூ. மாந்தோப்பு இருந்தால் தேனீக்குக் குறையில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் மாம்பூவில் தேன் அதிகம் இல்லை, அதன் மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு ஈக்களுடையது. மருந்தும் அந்தச் சமயத்தில்தான் அடிக்கிறார்கள். ஆகவே அந்த மாதங்களில் வீட்டில் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்கவிடுங்கள். கடுகும் கொஞ்சம் தூவுங்கள். குளிர்காலத்துக்கு இந்த இரண்டும் போதும். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும் நாவலும் பூத்துவிடும்; அப்போது கவலையே வேண்டாம். வைகாசி, ஆனியில் சாலையோரப் புளியமரங்கள் கைகொடுக்கும். புளிக்குப் பேர்போன மண் இது, அந்த மரங்கள் இருக்கும்வரை தேனீக்கும் நல்ல காலம். ரோடு அகலமாகும்போது போகிற ஒவ்வொரு பழைய புளியமரமும் எத்தனையோ கூட்டுக்குச் சாப்பாடு என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை மறுபடி செழிப்பு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மானாவாரிக் கொல்லைகளில் உச்செள்ளு மஞ்சளாகப் பூக்கும். பேயெள்ளு என்றும் சொல்வார்கள். தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்காத பயிர் அது, தேனீ வந்தே ஆக வேண்டும். துவரையும் மொச்சையும் அவரையும் அப்போதே பூக்கும். வேலியோரம் தும்பை தானாக வரும்.

நடுவில் ஆடி, ஆவணி. புளி முடிந்து உச்செள்ளு தொடங்கும் வரைக்கும் உள்ள இந்த இடைவெளிதான் தேனீ ஊரைவிட்டுப் போகிற காலம். காற்று வேறு சுழற்றி அடிக்கும். நீங்கள் நிரப்ப வேண்டிய இடம் இது. ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் பூ வர ஆவணி ஆகிவிடும். அதனால் தேனீக்கென்று ஒரு பகுதியை முன்கூட்டியே, வைகாசிக் கடைசியில், கிணற்றுத் தண்ணீரோ பாத்திரம் கழுவிய தண்ணீரோ ஊற்றி விதைத்துவிடுங்கள். வெள்ளரியும் எள்ளும் சுமார் நாற்பது நாளில் பூக்கும். சூரியகாந்திக்கு ஐம்பது நாளுக்கு மேல் ஆகும், ஆகவே அதையும் அதே வாரத்தில் போடுங்கள். பதினைந்து நாள் விட்டு இன்னொரு தடவை விதைத்தால் ஆவணி முடியும்வரை பூ தொடரும்.

கூடவே வருஷம் முழுக்கப் பூக்கும் மூன்று செடியைக் கட்டாயம் வையுங்கள். ஒன்று துளசி, ஒரு மாடத்தோடு நிறுத்தாமல் ஒரு பாத்தி நிறைய. கதிரைக் கிள்ளாமல் விட வேண்டும். முற்றிய கதிரை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்த்துப் பூக்கும். இரண்டாவது, ஆன்டிகோனான் என்று நர்சரியில் விற்கும் இளஞ்சிவப்புப் பூக்கொடி. வறட்சி தாங்கும், வேலியில் ஏற்றிவிட்டால் போதும், கொடி முழுக்கத் தேனீ மொய்க்கும். ஆனால் கிழங்கு வைத்துப் பரவும் கொடி, ஆகவே காட்டோரம், ஓடையோரம் வைக்காமல் வீட்டு வேலிக்குள் அடக்கி வையுங்கள். மூன்றாவது பத்துமணிப் பூ, ஒற்றை இதழ் வகை. மாடியில் தொட்டியில் வைப்பவர்களுக்கு இது ரொம்பச் சுலபம்.

இடம் இருந்தால் ஒரு முருங்கை. வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் பூக்கும் மரம், வீட்டுக்கும் ஆகும். அப்புறம் களை. தும்பை, துத்தி, கிணற்றடிப் பூண்டு மூன்றையும் வேலியோரம் ஓரடி அகலத்துக்கு விட்டுவையுங்கள். சுத்தமாகக் கொத்திப் போட்ட தோட்டம் பார்க்க அழகுதான், தேனீக்கு அங்கே ஒன்றும் இல்லை.

தண்ணீர்

தேனீ தண்ணீரைக் குடிக்க மட்டுமில்லாமல் கூட்டைக் குளிர வைக்கவும் கொண்டுபோகிறது. அடையில் தண்ணீரைத் தடவிச் சிறகால் விசிறும். சித்திரை வெயிலில் கூடு பிழைப்பது அதனால்தான்.

அகலமான மண் தட்டில் ஆற்றுக் கூழாங்கல் நிரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். வாளியிலோ தொட்டியிலோ வைத்தால் மூழ்கிச் சாகும். ஏற்கெனவே தொட்டி இருந்தால் அதில் தேங்காய் நார்க் கற்றை ஒன்றை மிதக்கவிடுங்கள். தட்டை நிழலில் வையுங்கள், இடத்தை மாற்றாதீர்கள். பழகிய இடத்துக்குத்தான் அது திரும்பத் திரும்ப வரும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொட்டி மாற்றினால் கொசுப்புழு வராது.

சிலர் ஆசையில் சர்க்கரைப் பாகையோ கடைத் தேனையோ கிண்ணத்தில் வெளியே வைக்கிறார்கள். வேண்டாம். எறும்பும் குளவியும் வரும், கூட்டுக்குக் கூடு சண்டை வரும், கடைத் தேன் வழியாக நோயும் பரவக்கூடும்.

இனி குடியிருப்பு

மேலே சொன்னதெல்லாம் ஒரு வருஷம் நடந்து, நான்கு காலத்திலும் தோட்டத்தில் தேனீ தெரிகிறதென்றால், அப்போது பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

செலவில்லாத வழி மண்பானை. பழைய பானையின் பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் துளை போட்டு, உள்ளே தேன்மெழுகு உருக்கித் தடவி, வாயைப் பலகையால் மூடி மாமரக் கவட்டையில் கட்டி வைப்பது. கொசுத் தேனீக்கு ஒரு கணு மூங்கிலில் சின்னத் துளை போட்டுச் சுவரோரம் தொங்கவிட்டால் சில சமயம் குடி வரும்.

பெட்டி என்றால் தென்னாட்டில் பெரும்பாலும் நியூட்டன் பெட்டிதான். திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் அடுக்குத் தேனீயின் அளவுக்கென்றே வடிவமைத்தது. அடிப்பலகை, தேனீயின் புழுக்கள் வளரும் புழு அறை, அதன்மேல் தேன் அறை, மூடி என்று அடுக்கு. உள்ளே கழற்றி மாட்டும் சட்டங்கள். காலியான பெட்டியின் சட்டங்களில் தேன்மெழுகு தடவி, மா பூத்து முடிகிற மாசி, பங்குனியில் நிழலில் வைத்தால் கூட்டம் பிரிந்து வருபவை வந்து தங்க வாய்ப்பு உண்டு. வராமலும் போகலாம். அவசரம் என்றால் பழக்கப்பட்டவரிடம் குடும்பத்தோடு பெட்டியாக வாங்குங்கள், அதுவும் பக்கத்து ஊரிலிருந்தே வாங்குங்கள். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூடுகளை ஏராளமாக அழித்தது. தூரத்திலிருந்து தெரியாத பெட்டியைக் கொண்டு வருவதில் அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

பெட்டியைக் கிழக்குப் பார்த்து, காலை வெயில் பட்டு மதியம் நிழல் விழும் இடத்தில், கால் வைத்த தாங்கியின் மேல் வையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம், இல்லையென்றால் எறும்பு ஒரே ராத்திரியில் காலி செய்துவிடும். நடைபாதையையும் மாட்டுக் கொட்டகையையும் பார்த்தாற்போல் நுழைவாயில் இருக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை மாலை வேளையில் திறந்து, அடிப்பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சியின் புழு அந்தக் குப்பையில்தான் வளரும். ஆடியில் பூ குறைந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு காய்ச்சி ஆறவைத்து, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், வெளியே சிந்தாமல்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுத்துவிட்டு ஐஸ் வையுங்கள். மூச்சு வாங்கினாலோ, முகமும் நாக்கும் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். மலைத்தேனீ உங்கள் வீட்டுத் தொட்டியில் வந்து கட்டினால் புகை போடவோ கல்லெறியவோ வேண்டாம். பருவம் முடிந்தால் தானாகவே போய்விடும். குழந்தைகள் நடமாடும் இடமாக இருந்து காத்திருக்க முடியாதென்றால் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள்.

பெட்டி திறக்கும் பழக்கத்தைப் படித்துக் கற்க முடியாது, ஒருவர் கூட நின்று காட்ட வேண்டும். தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரிக்காரர்கள் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். பெட்டிக்கு மானியம் இருக்கிறதா என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

முதல் வருஷம் தேன் எடுக்காதீர்கள். அடுத்த வருஷம் புளி பூத்து முடியும்போது தேன் அறையில் உள்ள அடையின் கண்கள் (தேன் சேர்க்கும் சின்னக் குழிகள்) முக்கால்வாசிக்கு மேல் மெழுகால் மூடியிருந்தால் அந்த அறையில் மட்டும் எடுக்கலாம், அதிலும் ஒன்றிரண்டு சட்டத்தை விட்டுவிட்டு. கீழே புழு அறையில் இருக்கும் தேன் ஆடி மாதத்துக்கு அவற்றின் இருப்பு.